கேட்பதில் குற்றமில்லை, கணக்கு வேண்டும்

ஆடி பிறந்துவிட்டால், பேராவூரணிப் பக்கத்திலிருந்து எங்கள் புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோர் சிலரின் பையில் மருந்துச் சீட்டுடன் ஓர் அழைப்பிதழும் இருக்கும். அது மொய் விருந்துக்கான அழைப்பு. தஞ்சாவூர் மாவட்டத்தின் தென்பகுதியிலும், அதனை ஒட்டிய புதுக்கோட்டை மாவட்டத்தின் கீரமங்கலம், வடகாடு வட்டாரங்களிலும் ஆடி, ஆவணி மாதங்களில் இவ்விருந்துகள் நடைபெறுவதை வாசகர்கள் அறிவார்கள். திருமணமோ காதணி விழாவோ இல்லாமல், பணம் திரட்டுவதற்கென்றே அழைத்து விருந்திடும் வழக்கம் இது. பலர் சேர்ந்து ஒரே பந்தலில் கறி விருந்து வைத்துச் செலவைப் பகிர்ந்துகொள்வார்கள். ஆயினும் ஒவ்வொருவருக்கும் தனி மேசை, தனி நோட்டு. வருபவர் உண்டு முடித்து, தமக்குரிய மேசையில் பணத்தைக் கொடுக்க, ஊரும் பெயரும் தொகையும் எழுதப்படும். அப்பணம் வீடு கட்ட உதவும், ஆழ்துளைக் கிணறு போட உதவும், பிள்ளையின் படிப்புக்கு உதவும், அறுவைச் சிகிச்சைக்கும் உதவும்.

இதனை இங்கு நினைவூட்டக் காரணம் உண்டு. அண்மைக் காலமாக எங்களிடம் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தினர் ஒரு கேள்வியை அடிக்கடி எழுப்புகிறார்கள். ஊர்க் குழு, தெருக் குழு, பள்ளித் தோழர் குழு என்று கைபேசியில் இயங்கும் வாட்ஸ்அப் குழுக்களில் மருத்துவச் செலவுக்கு உதவி கேட்கலாமா என்பதே அது. சில குழுக்களில் நிர்வாகிகள் கண்டிப்பான விதி வைத்துவிட்டார்கள். நிதி கேட்கும் பதிவு கூடாது, விற்பனை கூடாது, நாய்க்குட்டி, பூனைக்குட்டியைத் தத்துக் கொடுப்போர் கட்டணம் கேட்பதும் கூடாது. வேறு சில குழுக்களில் விதி எதுவுமில்லை. நாளொன்றுக்கு நான்கு வேண்டுகோள்கள் வருகின்றன. எது மெய், எது பொய் என்று எவருக்கும் தெரிவதில்லை. இவ்விரண்டு நிலைகளும் நோயாளிக்கு நன்மை தருவன அல்ல என்பது சிறுநீரகப் பிரிவு மருத்துவர்களாகிய எங்களின் கருத்து.

தடை விதிப்போரின் காரணங்களை நாங்கள் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஒருவர் கேட்டால் மறுக்க இயலாத நெருக்கடி பிறருக்கு ஏற்படுகிறது. கொடுத்தவர், கொடாதவர் என்று ஊர் இரண்டாகப் பிரிகிறது. யாவற்றுக்கும் மேலாக மோசடி நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பிரிவில் இருந்த ஓர் இளைஞருக்காக அவருடைய உறவினர்கள் ஒரு வேண்டுகோளை அனுப்பினார்கள். கழுத்தில் குழாயுடன் படுக்கையில் இருக்கும் ஒளிப்படம், மருத்துவ அறிக்கையின் முதற்பக்கம், பணம் அனுப்பும் எண் ஆகியவை அதில் இருந்தன. உதவி வந்தது, சிகிச்சை நடந்தது, அவர் நலம் பெற்று வீடு திரும்பினார். ஓராண்டு கழித்து அதே ஒளிப்படம், அதே அறிக்கை, அதே உருக்கமான வரிகள் வேறொரு மாவட்டத்தின் குழுவில் உலவின. பணம் அனுப்பும் எண் மட்டுமே மாறியிருந்தது. அந்த இளைஞர் அப்போது பெண் பார்க்கச் சென்றுகொண்டிருந்தார். தம் படத்தை இன்னும் எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று அவர் எங்களிடம் கேட்டபோது, எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் முழுத் தடையை நாங்கள் ஆதரிக்கவில்லை. கேட்டுப் பெறுவதும் கூடிக் கொடுப்பதும் இந்த மண்ணுக்குப் புதியவை அல்ல. தஞ்சாவூரில் நாம் தலைமுறை தலைமுறையாகச் சென்றுவரும் இராசா மிராசுதார் மருத்துவமனையின் பெயரை ஒருமுறை நிறுத்திப் படித்துப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டில் அரச குடும்பத்தாரும் மிராசுதார்களும் அளித்த கொடையால் எழுந்தது என்பதை அப்பெயரே சொல்கிறது. 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் கரையைக் கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, அரசின் உதவி வந்து சேருமுன் பல சிற்றூர்களுக்கு அரிசியும் தார்ப்பாயும் வந்தது கைபேசிச் செய்திகளின் வழியாகத்தான். 2021ஆம் ஆண்டில், சுமார் 16 கோடி ரூபாய் விலையுள்ள ஒரே ஊசி மருந்துக்காகத் தசைநார்ச் சிதைவு நோயுள்ள குழந்தைகளின் பெற்றோர் தமிழ்நாட்டு மக்களிடம் கையேந்தியதும், முன்பின் அறியாதவர்கள் நூறும் ஐந்நூறுமாக அனுப்பியதும் நாம் கண்டவை. 2024 ஆகஸ்டில் வயநாட்டு நிலச்சரிவில் பாதிக்கப்பட்டோருக்காகத் திண்டுக்கல்லில் ஓர் உணவகம் மொய் விருந்து நடத்தியது. இந்தக் கதவை அடைத்துவிட்டால் முதலில் வெளியே நிற்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் அல்லர்; அவர்களுக்கு ஆயிரம் வழிகள் உண்டு. வெளியே நிற்கப்போவது உண்மையான நோயாளிதான்.

அவ்வாறாயின் மொய் விருந்தில் இருப்பதும் கைபேசி வேண்டுகோளில் இல்லாததும் எது? நோட்டுத்தான் அது. பந்தலில் பணம் வாங்குபவர் யாரென்று ஊருக்குத் தெரியும். கொடுத்தவரின் பெயர் எழுதப்படுகிறது. மாலைக்குள் எண்ணி முடிக்கப்படுகிறது. விருந்து முடிந்ததும் மேசை எடுக்கப்படுகிறது. மறுநாள் எவரும் அந்த மேசையில் அமர்ந்து வசூலிக்க முடியாது. பெயர், கணக்கு, முடிவு ஆகிய மூன்றும் சேர்ந்து நம்பிக்கையை உண்டாக்குகின்றன.

இதற்கும் முன்னோடி நம் பெரிய கோயிலில் இருக்கிறது. தாமும் தம் தமக்கையும் தேவியரும் பிறரும் கொடுத்தவை அனைத்தையும் கல்லில் வெட்டுமாறு இராசராசன் பணித்த செய்தியை அங்குள்ள கல்வெட்டில் காணலாம். பொன்னும் மணியும் எடையோடு குறிக்கப்பட்டிருக்கின்றன. ஓர் அணையா விளக்குக்கு 96 ஆடுகள் என்று எண்ணிக்கையோடு எழுதப்பட்டிருக்கிறது. பேரரசன் தன் கொடைக்கே கணக்குக் காட்டிய ஊரில், ஒரு குழு நிர்வாகி கணக்குக் கேட்பதை அவமதிப்பாக எவரும் கொள்ள வேண்டியதில்லை.

மொய்க்கும் ஒரு குறை உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. மொய் முழுக்கவும் கொடையன்று. திருப்பிச் செலுத்த வேண்டிய கடமை அதில் அடங்கியிருக்கிறது. கொடுத்துவைத்தவருக்கே அது வரும். நிலமற்ற விவசாயத் தொழிலாளிக்கும், கணவரை இழந்து தனித்து வாழும் பெண்ணுக்கும் பந்தல் போட வழியில்லை. கைபேசிக் குழுக்களிலும் இதே நிலைதான். வெளிநாட்டில் உறவினர் உள்ள குடும்பத்தின் வேண்டுகோள் ஒரே இரவில் நிறைவேறுகிறது. அழகிய குழந்தையின் படத்திற்கு வரும் உதவி, எழுபது வயது முதியவரின் படத்திற்கு வருவதில்லை. நோயின் தீவிரத்தைப் பொறுத்தல்லாமல், பார்ப்பவரின் கண்ணீரைப் பொறுத்து உதவி அமைந்துவிடுகிறது. ஆகவே, குழுவில் கேட்பது முதற்படியாக இருத்தல் கூடாது என்று நாங்கள் வலியுறுத்துகிறோம். உரிமையாகக் கிடைக்க வேண்டியதைப் பெற்ற பின்னரும் எஞ்சும் குறைக்கே உதவி கேட்க வேண்டும்.

எங்களிடம் வந்த ஒரு குடும்பத்தின் நிலையைச் சொல்கிறோம். தந்தைக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து டயாலிசிஸ் தொடங்கப்பட்டது. மகன் குறுவை நடவுக்கு வைத்திருந்த பணத்தைச் செலவிட்டார். பிறகு ஊர்க் குழுவில் கேட்டார். முதல் வாரத்தில் நல்ல தொகை வந்தது. டயாலிசிஸ் என்பது வாரத்திற்கு மூன்று முறை, மாதத்திற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று முறை, ஆண்டுக்கணக்கில் நடைபெற வேண்டியது. மூன்றாம் மாதம் குழுவில் எவரும் பதிலளிக்கவில்லை. மகன் தலைகுனிந்து, சிகிச்சையை வாரம் ஒருமுறையாகக் குறைக்கலாமா என்று எங்களிடம் கேட்டார். அப்போதுதான் அவர்களிடம் காப்பீட்டு அட்டை இருப்பதும், அதனைப் பயன்படுத்தலாம் என்று எவரும் எடுத்துரைக்காததும் தெரியவந்தது. இதில் எங்கள் தவறும் அடங்கியிருந்தது. சிகிச்சையை விளக்கிய நாங்கள், அதற்கான பணம் எங்கிருந்து வருகிறது என்று முதல் நாளிலேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறோம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்கள் சேரலாம். குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. டயாலிசிஸ் சிகிச்சையும் அதில் அடங்கும். கிராம நிர்வாக அலுவலரின் வருமானச் சான்று, குடும்ப அட்டை ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்தை அணுக வேண்டும். சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சைக்கென ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அரிய நோய்களுக்கென 2021இல் வகுக்கப்பட்ட தேசியக் கொள்கையின்படி, ஒன்றிய அரசே பொதுமக்களிடம் நன்கொடை பெறும் இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. அதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அங்குச் செலுத்தப்படும் பணம் குடும்பத்தாரின் கைக்குச் செல்வதில்லை. சிகிச்சை தரும் மருத்துவ மையத்தின் கணக்குக்குச் செல்கிறது. குழுக்கள் பின்பற்ற வேண்டிய நெறி அதுவே.

இனி வளர்ப்புப் பிராணிகளின் தத்துக் கட்டணம். மருத்துவர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் வினவலாம். நாய்க்கடிக்கு ஆளாகி வரும் குழந்தைகளை எல்லா மருத்துவமனைகளும் காண்கின்றன. வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் தோன்றிவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. ஆனால் கடித்தவுடன் காயத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, தாமதியாமல் தடுப்பூசித் தவணைகளை முழுவதும் போட்டுக்கொண்டால் அதனைத் தடுத்துவிடலாம். குட்டிக்கு உரிய காலத்தில் தடுப்பூசி போட்டிருந்தால் அவ்வளவு அச்சத்திற்கும் இடமில்லை. தெருவில் கிடந்த குட்டியை எடுத்துவந்து, குடற்புழு நீக்கி, தடுப்பூசி போட்டு, கருத்தடையும் செய்வித்து ஒருவர் தத்துக் கொடுக்கிறார் என்றால், அச்செலவை ஏற்பவரிடம் பெறுவது எப்படிக் குற்றமாகும்? அக்கட்டணத்தைத் தடைசெய்தால் தடுப்பூசி போடாத குட்டிகளே இலவசமாகக் கைமாறும். இலவசம் என்பதற்காக வாங்கியவர் நாளை அதனைக் கால்வாய்க் கரையில் விட்டுச்செல்லவும் கூடும்.

செலவை ஈடுகட்டுவது வேறு. விலை வைப்பது வேறு. இவ்வேறுபாட்டை மருத்துவத் துறை இரத்தத்தில் கற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் 1996இல் அளித்த தீர்ப்பை அடுத்து, பணத்திற்கு இரத்தம் கொடுக்கும் வழக்கம் 1998 சனவரி 1 முதல் தடைசெய்யப்பட்டது. இன்று இரத்த வங்கிகள் இரத்தத்திற்கு விலை பெறுவதில்லை. பரிசோதனை செய்து பிரித்துப் பாதுகாப்பதற்கான செலவை மட்டுமே பெறலாம். அதே அளவுகோலைக் குட்டிகளுக்கும் வைக்கலாம். கால்நடை மருத்துவரின் தடுப்பூசி அட்டையும் செலவுச் சீட்டும் காட்டினால் அது தத்துக் கட்டணம். அவை இல்லாமல் இனத்தின் பெயரைச் சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்டால் அது வணிகம். குழுவில் அதற்கு இடமளிக்க வேண்டியதில்லை. நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டின் விதிகள், எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கலாகாது என்கின்றன. தத்துக் கொடுப்போரும் இவ்வரம்பைக் காப்பது நன்று.

பணம் என்ற சொல்லே எழக் கூடாத இடம் ஒன்று உண்டு. ‘சிறுநீரகம் தேவை, தக்க தொகை தரப்படும்’ என்ற செய்தி எந்த உருவில் வந்தாலும் அதனை உடனே நீக்க வேண்டும். 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்புகளை விற்பதும் வாங்குவதும், அதற்கு விளம்பரம் செய்வதும் குற்றம். ஐந்து முதல் பத்தாண்டு வரை சிறையும், 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம். இரக்கத்தால் பகிர்ந்தவரும் சிக்கலுக்கு உள்ளாகலாம். மூளைச்சாவு அடைந்தோரிடமிருந்து உறுப்பு பெறும் முறை தமிழ்நாட்டில் 2008 முதல் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளது. உறுப்பு தேவைப்படுவோர் எங்களிடம் வந்தால் பதிவு செய்யும் வழியைச் சொல்கிறோம். அறுவைச் சிகிச்சைக்கும் அதன் பின்னர் உண்ண வேண்டிய மருந்துகளுக்கும் உதவி கேட்பதில் தவறில்லை. உறுப்புக்குப் பணம் என்பது மட்டும் ஒருபோதும் கூடாது.

இனி, குழு நடத்துவோர் கைக்கொள்ளத்தக்க நெறிகளைச் சொல்கிறோம்.

முதலாவது, வேண்டுகோளுடன் மருத்துவமனையின் முத்திரையிட்ட செலவு மதிப்பீட்டுக் கடிதத்தைக் கேளுங்கள். அதில் தேவைப்படும் தொகையும், காப்பீட்டில் கிடைப்பது போக எஞ்சுவதும் இருக்க வேண்டும். நோயாளி கேட்டால் அக்கடிதத்தை வழங்குகிறோம். ஆனால் முன்பின் அறியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, ‘இவருக்கு இந்த நோய் உண்டா?’ என்று வினவினால் நாங்கள் விடையளிக்க இயலாது. நோயாளியின் இரகசியத்தைக் காப்பது எங்கள் தொழிலறம். இதனைத் தயவுசெய்து அலட்சியமாகக் கருத வேண்டாம். நோயாளி எழுத்தில் ஒப்புதல் தந்தால் மட்டுமே உறுதிசெய்வோம்.

இரண்டாவது, பணம் இயன்றவரை மருத்துவமனையின் கணக்குக்கே செல்லட்டும். தனியார் கணக்குக்கு அனுப்ப நேர்ந்தால், செலுத்துமுன் கைபேசித் திரையில் தோன்றும் பெயர் நோயாளியின் குடும்பத்தாருடையதுதானா என்று பாருங்கள். ஏமாந்துவிட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குத் தெரிவியுங்கள்.

மூன்றாவது, நோயாளியை அறிந்த ஒருவராவது குழுவில் இருந்து பொறுப்பேற்க வேண்டும். எங்கிருந்தோ மறுபகிர்வாக வந்த வேண்டுகோளை அப்படியே பரப்ப வேண்டாம்.

நான்காவது, படுக்கையில் கிடக்கும் நிலையில் எடுத்த படம் வேண்டாம். குழந்தையின் முகம் வேண்டாம். நலம் பெற்ற பின் அவர் வாழ வேண்டிய ஊர் இது. கடிதத்தை நம்பி உதவுபவர்களே நமக்குப் போதும்.

ஐந்தாவது, இறுதி நாளைக் குறியுங்கள். தொகை சேர்ந்ததும் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று, எஞ்சியது என்னவாயிற்று என்று எழுதி வேண்டுகோளை முடித்துவையுங்கள். நோயாளி இறந்துவிட்டாலும் அதனைத் தெரிவித்து நிறுத்த வேண்டும். துயரத்தில் இருக்கும் குடும்பத்தார் அதைச் செய்ய மாட்டார்கள். பொறுப்பேற்றவர்தான் செய்ய வேண்டும்.

ஆறாவது, கொடுத்தவர் பட்டியலைக் குழுவில் வெளியிட வேண்டாம். கணக்கு நிர்வாகியிடமும் குடும்பத்திடமும் இருக்கட்டும். மொய்ப் பந்தலில் பெயரைப் பலர் அறியச் சொல்வதற்குத் திருப்பித் தரும் கடமை காரணம். நோயில் கொடுப்பது திரும்பி வர வேண்டியதன்று. பெயரை வெளியிட்டால் கொடாதவருக்கு நாணமும் கொடுத்தவருக்குப் போட்டியுமே மிஞ்சும். மொத்தத் தொகையைச் சொன்னால் போதும்.

குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. நோய் தெரிந்த அன்றிரவே கைபேசியை எடுக்காதீர்கள். மறுநாள் காலை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவுக்குச் செல்லுங்கள். உங்கள் மருத்துவரிடம் நோயைக் கேட்பது போலவே செலவையும் கேளுங்கள்: எத்தனை நாள், எவ்வளவு, எது கட்டாயம், எதனைத் தள்ளிப்போடலாம். கேட்க நாணப்பட வேண்டாம். சொல்வது எங்கள் கடமை. அதன் பின்னும் பற்றாக்குறை இருந்தால், எழுதிய கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைக் கேளுங்கள்.

வாரம் ஒருமுறையாகக் குறைக்கலாமா என்று கேட்ட அந்த மகனின் தந்தைக்கு இப்போது காப்பீட்டின் வழியாக வாரம் மூன்று முறை சிகிச்சை நடைபெறுகிறது. ஊர்க் குழுவில் முன்பு வந்த பணத்தில் எஞ்சியிருந்ததை என்ன செய்வது என்று அவர் எங்களிடம் கேட்டார். குழுவிலேயே கேளுங்கள் என்றோம். அவர் வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதிப் படமெடுத்துக் குழுவில் இட்டார். அதே ஊரில் டயாலிசிஸுக்கு வரும் வேறொருவரின் போக்குவரத்துச் செலவுக்கு அதனைத் தருமாறு குழுவினர் சொல்லிவிட்டார்கள். அந்த இருவரும் இப்போது ஒரே வாடகை வண்டியில் எங்களிடம் வருகிறார்கள்.